சட்டம் படிக்கிற பிள்ளைங்களுக்கு மாசக் காசு குடுத்தா வடசென்னைக்கு என்ன கிடைக்கும்?

காசிமேட்டுலருந்து ஒரு அக்கா, வக்கீலா நான் உக்கார்ற ரூமுக்கு வந்தாங்க. தண்டல், அதாவது வட்டிக்காரங்ககிட்ட தினம் தினம் கட்டுற கடன், வாங்கி கட்ட முடியாம போச்சு, ஆளுங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்துறாங்க, போலீஸ்ல எழுதிக் குடுக்கணும்னு கேட்டாங்க. கையில ஒரு மஞ்சப்பை. அன்னைக்கு எனக்கு கோர்ட்ல ரெண்டு கேஸ் இருந்துச்சு, அதனால எங்கிட்ட இன்டெர்ன்ஷிப்புக்கு வந்திருந்த மூணாவது வருஷ லா ஸ்டூடண்ட் பொண்ணுகிட்ட, உக்காந்து பேசி குறிப்பு எடுத்து வைம்மான்னு சொல்லிட்டு ஓடிட்டேன். திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் அந்தப் பொண்ணு மாடிப்படியிலயே உக்காந்து பேசிட்டு இருந்திருக்கு, எதுக்குக்கா தண்டல் வாங்குனீங்க, அண்ணன் என்ன வேலை பாக்குறாரு, அண்ணன் எப்படி தவறுனாருன்னு ஒண்ணொண்ணா கேட்டிருக்கு. அப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. 2022 கடைசில விடிகாலை மீன் ஏலத்துக்கு சைக்கிள்ல போன அந்த அக்காவோட வீட்டுக்காரரை எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஏதோ ஒரு கண்டெய்னர் லாரி அடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. எஃப்ஐஆர்ல அடையாளம் தெரியாத வாகனம்னு போட்டிருக்கு. வண்டி நம்பரே இல்ல, யார் மேல கேஸ் போடுறதுன்னு யாரோ சொன்னதைக் கேட்டு இவங்களும் விட்டுட்டாங்க, ரெண்டு வருஷமா அந்தக் காகிதமெல்லாம் பையிலயே கிடந்திருக்கு.

அடிச்ச வண்டி எதுன்னு தெரியாத விபத்துல ஆள் இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம், பெரிய காயம்னா 50,000 மத்திய அரசு ஏற்பாட்டுல கிடைக்கும், 2022 ஏப்ரல் 1லருந்து இந்தத் தொகை. இதுக்கு கோர்ட்டே ஏற வேணாம். ஒரு ஃபார்ம், எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசு யாருன்னு காட்டுற காகிதம், பேங்க் பாஸ்புக், இதைக் கட்டி வருவாய்த்துறை அதிகாரிகிட்ட குடுக்கணும், அவ்வளவுதான். அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரியே ஃபார்மை எடுத்து பாதி நிரப்பிடுச்சு.

நாலு வாரத்துல இன்டெர்ன்ஷிப் முடிஞ்சுது. வீட்டுல அப்பாவுக்கு உடம்பு முடியல, காலேஜ் முடிஞ்ச நேரத்துல மொபைல் கடையில பில் போடப் போகணும் சார்னு சொல்லிட்டுப் போச்சு. வாரிசு சான்றிதழ் வாங்கி ஃபைல்ல சேக்குற வேலை மட்டும் பாக்கி. அது அப்படியே நின்னுச்சு. நான் எடுத்து முடிச்சிருக்கணும், ஆனா என் கேஸ் கட்டுங்களுக்கு நடுவுல அது ஏழு மாசம் தள்ளிப் போச்சு.

இந்த ஏழு மாசத்தை மனசுல வச்சுட்டுத்தான் இதை எழுதுறேன். ஏழைங்களுக்கு சட்ட உதவின்னு பேச்சு வந்தாலே வக்கீல் பத்தலன்னு சொல்றாங்க, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லன்னு சொல்றாங்க. நான் பாத்தவரைக்கும், அந்த மாடிப்படியில ரெண்டு மணி நேரம் பொறுமையா உக்கார்ற ஆள்தான் பத்தல, அப்படி உக்கார மனசு இருக்கிற பிள்ளைங்க நிறையப் பேர் லா காலேஜ்ல இருக்காங்க, ஆனா அவங்களால நாலு வாரத்துக்கு மேல இருக்க முடியல, காரணம் காசு.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம், ஏன்னா இது யாரோ பண்ற தர்மம்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. 1976ல 42வது திருத்தத்துல அரசியல் சாசனத்துக்குள்ள 39ஏ பிரிவு வந்துச்சு, காசு இல்லைங்கிற காரணத்தால யாருக்கும் நீதி கிடைக்காமப் போகக்கூடாது, இலவச சட்ட உதவி குடுக்கிறது அரசோட கடமைன்னு. அதுக்கு முன்னாடியே 1973ல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில இருந்த கமிட்டி சட்ட உதவி பத்தி அறிக்கை குடுத்திருந்துச்சு. 1979ல ஹுசைனாரா காத்தூன் வழக்கு, பீகார் ஜெயில்ல விசாரணையே முடியாம, குத்தம் நிரூபிச்சிருந்தாக்கூட அவ்வளவு நாள் இருந்திருக்க மாட்டாங்கங்கிற அளவுக்கு ஆளுங்க அடைஞ்சு கிடந்தாங்க, அதுலதான் சுப்ரீம் கோர்ட் இலவச வக்கீல் வசதி நியாயமான விசாரணையோட ஒரு பகுதின்னு சொல்லுச்சு. அப்புறம் 1987ல சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் போட்டு, 1995 நவம்பர் 9லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அந்தச் சட்டத்துல 12வது பிரிவை எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும். பெண்கள், குழந்தைங்க, பட்டியல் சாதி பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிங்க, தொழிலாளிங்க, காவல்ல இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் வருமான வரம்பே கிடையாது, கேட்டா வக்கீல் குடுத்தாகணும். மத்தவங்களுக்குத்தான் வருமானக் கணக்கு. வடசென்னையில ஒரு தெருவுல நின்னு எண்ணிப் பாருங்க, இந்தப் பட்டியல்ல வராத ஆளுங்க கொஞ்சம் பேர்தான் இருப்பாங்க. சட்ட உதவி கேக்க 15100ன்னு ஒரு இலவச நம்பரும் இருக்கு.

2022லருந்து கிரிமினல் கேஸுக்கு இன்னொரு ஏற்பாடும் வந்திருக்கு, தனியா பிராக்டிஸ் பண்ணாம முழு நேரமும் சட்ட உதவி கேஸ் மட்டும் பாக்குற வக்கீலுங்களை மாவட்டத்துக்கு மாவட்டம் நியமிக்கிறாங்க. நல்ல விஷயம். ஆனா அவங்க வேலை கோர்ட்டுக்குள்ள. கோர்ட் வாசலுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் படுற பாடு இருக்கே, அது யார் கணக்குலயும் வரல.

புழல் ஜெயிலையே எடுத்துக்கோங்க. ஜாமீன் கிடைச்சிருக்கும், ஆர்டர் கையில இருக்கும், ஆள் வெளிய வந்திருக்க மாட்டான். ரெண்டு ஜாமீன்தாரர் வேணும், அவங்களுக்கு ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதுன்னு கேப்பாங்க, வாடகை வீட்டுல இருக்கிறவனுக்கு வீட்டு வரி ரசீது எங்கருந்து வரும், சொந்தக்காரங்க கோர்ட்டுக்கு வந்தா அன்னைக்கு கூலி போச்சு, அதனால நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிட்டே இருக்கும். 2023 ஜனவரி 31ல சுப்ரீம் கோர்ட் இதுக்குன்னே உத்தரவு போட்டுச்சு. ஜாமீன் குடுத்து ஏழு நாள் ஆகியும் ஆள் வெளிய போகலன்னா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு சொல்லணும், அங்கருந்து ஆள் போய் உதவி பண்ணணும். அதே வருஷம் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்கு 40,000 வரைக்கும், தண்டனைக் கைதிக்கு அபராதம் கட்ட 25,000 வரைக்கும் உதவி.

காகிதத்துல எல்லாம் இருக்கு. ஆனா புழல்ல இருக்கிற பையனோட அம்மா புளியந்தோப்புல எந்தச் சந்துல இருக்காங்கன்னு தேடிப் போய், அம்மா இந்தக் காகிதம் வேணும், இன்னாருகிட்ட கையெழுத்து வாங்கணும், நாளைக்கு காலையில பத்து மணிக்கு இந்த கோர்ட் வாசல்ல நில்லுங்க நான் வர்றேன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் வக்கீலா இருக்கணும்னு அவசியமே இல்ல. படிக்கிற பிள்ளை போதும், அந்த ஏரியாவுலயே வளர்ந்த பிள்ளையா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா சந்து தெரியும், பேச்சு தெரியும், யாரைக் கேட்டா வீடு காட்டுவாங்கன்னு தெரியும்.

இங்க ஒரு விஷயத்தை தெளிவா சொல்லிடணும். படிக்கிற பிள்ளைங்க கோர்ட்ல வாதாட முடியாது. 1961 வக்கீல்கள் சட்டப்படி பதிவு பண்ணின வக்கீலுக்குத்தான் அந்த உரிமை, 32வது பிரிவுல குறிப்பிட்ட ஒரு கேஸ்ல வேற ஆளை கோர்ட் அனுமதிக்கலாம்னு இருக்கு, ஆனா அது விதிவிலக்கு. அமெரிக்காவுல கதை வேற, அங்க சீனியர் மேற்பார்வையில மாணவர்களே சில கேஸ்ல ஆஜராகலாம்னு மாகாண விதிகள் இருக்கு. நம்ம ஊர்ல அந்த வழி இல்லாததால மாணவர்களால என்ன ஆகப்போகுதுன்னு சிலர் கேக்குறாங்க. அதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஏழைங்களோட பிரச்சினையில பாதிக்கு மேல கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே தீர்ற பிரச்சினை. விதவை பென்ஷன் நின்னுபோச்சு, ஹவுசிங் போர்டு வீட்டு அலாட்மெண்ட்ல பேர் மாத்தணும், அரசுகிட்ட தகவல் கேக்க ஆர்டிஐ மனு போடணும், 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு பக்கத்துல எழுதணும், அதை எப்படிக் கேட்டா பதில் வரும்னு தெரியணும். சாக்கடையில இறங்கி செத்துப்போனவரோட குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014ல சொன்ன சுப்ரீம் கோர்ட், 2023 அக்டோபர்ல அதை 30 லட்சம்னு உயர்த்துச்சு, இது எத்தனை குடும்பத்துக்குத் தெரியும்? தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் 2003ல வந்த கந்துவட்டி தடைச் சட்டத்துலயே பேர் சொல்லி இருக்கு, தண்டல்காரன் வாசல்ல நின்னு கத்துறப்ப ஸ்டேஷன்ல குடுக்கிற மனுவுல அந்தச் சட்டத்தோட பேர் இருந்தா அங்க வாங்குற விதமே வேற மாதிரி இருக்கும்.

அப்ப லா காலேஜ்ல இதெல்லாம் இல்லையான்னு கேட்டா, இருக்கு. வக்கீல் படிப்புக்கு விதி போடுற பார் கவுன்சிலோட 2008 விதிகள்ல ஒவ்வொரு காலேஜும் சட்ட உதவி மையம் நடத்தணும், சீனியர் ஆசிரியர் மேற்பார்வையில கடைசி வருஷப் பிள்ளைங்க அதை நடத்தணும்னு இருக்கு. மூணு வருஷப் படிப்புக்கு 12 வாரம், அஞ்சு வருஷப் படிப்புக்கு 20 வாரம் குறைஞ்சது இன்டெர்ன்ஷிப் போகணும்னும் இருக்கு. ஆனா இதுக்கெல்லாம் காசு எங்கருந்துன்னு விதியில ஒரு வரி இல்ல. காசு இல்லாம நடக்கிறப்ப என்ன ஆகும்? ஞாயித்துக்கிழமை ஒரு கேம்ப், பேனர், பிஸ்கெட், ஃபோட்டோ, நோட்டீஸ். ஜனங்க வந்து பேர் எழுதிக் குடுத்துட்டுப் போவாங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை அதே முகம் அங்க இருக்காது. கேம்ப் நடத்துற பிள்ளைங்களை நான் குறை சொல்லல, அவங்க நல்ல மனசோடதான் வர்றாங்க, ஆனா தொடர்ந்து வராத உதவியால ஜனங்களுக்கு இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போயிடுது.

நான் படிச்சப்ப சென்னை அரசு லா காலேஜ் ஹைகோர்ட் காம்பவுண்டை ஒட்டியே இருந்துச்சு. 1891ல ஆரம்பிச்ச காலேஜ், கொருக்குப்பேட்டையில இருந்தோ ராயபுரத்துல இருந்தோ கிளம்புனா அரை மணி நேரம், கிளாஸ் முடிஞ்சா நடந்தே சிவில் கோர்ட், ஸ்மால் காசஸ் கோர்ட், ஃபேமிலி கோர்ட் எல்லாம் போய் நிக்கலாம், சாயங்காலம் பாரிமுனையில ஒரு சீனியர் ஆபீஸ்ல உக்காரலாம். 2008ல காலேஜுக்குள்ள நடந்த மோதலுக்கு அப்புறம் விசாரணைக் கமிஷன் வச்சாங்க, காலேஜை மாத்தணும்னு பரிந்துரை வந்துச்சு, பிள்ளைங்க போராடியும் 2018ல திருவள்ளூர் தாண்டி பட்டறைப்பெரும்புதூருக்கும் இன்னொரு பக்கம் புதுப்பாக்கத்துக்கும் பிரிச்சு அனுப்பிட்டாங்க. அந்த முடிவு சரியா தப்பான்னு இங்க பேச வரல. ஆனா அதோட விளைவு என்னன்னா, வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி திருவள்ளூர் போய் அங்கருந்து பஸ் புடிச்சு காலேஜ் போற பிள்ளைக்கு ஒரு நாள்ல போக வர நாலு மணி நேரம் கிட்ட போயிடுது. மிச்சம் இருக்கிற நேரத்துல வீட்டுக்கு சம்பாதிக்கணும். இதுல இலவசமா சட்ட உதவி பண்ண வாங்கன்னு கூப்பிட்டா வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளைங்கதான் வருவாங்க, வடசென்னைப் பிள்ளைங்க வர முடியாது. யாருக்கு அந்த மக்கள் மொழி தெரியுமோ அவங்களே வெளிய நிக்க வேண்டியதாப் போயிடுது, எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான்.

அதனாலதான் ஃபெல்லோஷிப். படிக்கும்போதே மாசா மாசம் கையில ஒரு தொகை, அதுக்குப் பதிலா வாரத்துக்கு இத்தனை மணி நேரம் ஒரே இடத்துல ஒரு வருஷம் வேலை. இப்ப என்ன உதவி இருக்குன்னு பாருங்க. அரசுப் பள்ளியில படிச்சு வந்த பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், மாசம் 1,000 ரூபா, படிப்புச் செலவுக்கு. படிச்சு முடிச்சு வக்கீலா பதிவு பண்ணினதுக்கு அப்புறம் வசதி இல்லாத இளம் வக்கீலுங்களுக்கு 2 வருஷம் மாசம் 3,000 ரூபா தர்ற தமிழ்நாடு அரசு திட்டம் 2020லருந்து இருக்கு. 2024 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட், ஜூனியர் வக்கீலுக்கு சென்னை, மதுரை, கோவையில மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்ச உதவித்தொகை குடுக்கணும்னு சொல்லுச்சு. அதே வருஷம் ஜூலையில சுப்ரீம் கோர்ட், பதிவுக் கட்டணமா 750 ரூபாவுக்கு மேல, பட்டியல் சாதி பழங்குடி பட்டதாரிகிட்ட 125க்கு மேல வாங்கக் கூடாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு. எல்லாமே நல்லது, ஆனா பாருங்க, ஒண்ணு படிப்புக்கு, மத்ததெல்லாம் படிச்சு முடிச்ச அப்புறம். படிக்கிறப்பவே ஏழை ஜனங்களுக்கு வேலை செய்றதுக்குன்னு காசு எதுலயும் வரல.

வெளிநாட்டுல இதுக்குக் காசு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சா நமக்கும் யோசனை வரும். அமெரிக்காவுல 1968லருந்து ஒரு பத்து வருஷம் ஃபோர்டு ஃபவுண்டேஷன்ங்கிற தொண்டு நிறுவனம் காசு போட்டுத்தான் லா காலேஜ்ல சட்ட உதவி மையங்கள் எல்லாம் நிலைச்சுது. பல காலேஜ்ல மாணவர்களே ஏலம் நடத்தி, பெரிய கம்பெனிக்கு இன்டெர்ன்ஷிப் போறவங்க தங்களோட வருமானத்துல கொஞ்சம் குடுத்து, சட்ட உதவி அமைப்புல வேலை பாக்கப் போற கூட்டாளிக்கு கோடைக்காலச் செலவை ஏத்துக்குறாங்க. இன்னொரு வழி எனக்கு ரொம்பப் புடிச்சது, கட்சிக்காரங்க காசு வக்கீலோட பொதுக் கணக்குல கொஞ்ச நாள் தங்கும் இல்ல, அந்த சின்னச் சின்ன வட்டியையெல்லாம் சேத்து சட்ட உதவிக்கு அனுப்புற ஏற்பாடு, 1981ல ஃப்ளோரிடாவுல ஆரம்பிச்சு இன்னைக்கு எல்லா மாகாணத்துலயும் இருக்கு.

நம்ம ஊர்ல? ரெண்டு வழி கண்ணுக்குத் தெரியுது. ஒண்ணு, 1987 சட்டத்துலயே மாநில சட்ட உதவி நிதின்னு இருக்கு, அரசு மட்டுமில்ல, யார் வேணா அதுக்கு நன்கொடை குடுக்கலாம். அதே சட்டத்தோட 4வது பிரிவு, லா காலேஜ்ல சட்ட உதவி மையத்தை வளர்க்கிறது தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தோட வேலைன்னும் சொல்லுது. ரெண்டாவது, கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிச் சட்டப்படி ஒரு அளவுக்கு மேல இருக்கிற கம்பெனி, மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணணும், பின்தங்கின மக்களோட ஏற்றத்தாழ்வைக் குறைக்கிற வேலையும் அந்தப் பட்டியல்ல இருக்கு. 50 கோடி லாபம் பாக்குற கம்பெனிக்கு வருஷம் 1 கோடி. மணலியிலயும் எண்ணூர்லயும் தொழிற்சாலைக்குக் குறைவா என்ன.

ஆனா இந்த ரெண்டாவது வழியில ஒரு பெரிய முள் இருக்கு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் மிதந்துச்சு, வலை போச்சு, படகு போச்சு, பசுமைத் தீர்ப்பாயம் தானா முன்வந்து விசாரிச்சுது. அந்த மாதிரி நேரத்துல நஷ்டஈட்டு மனு எழுதுற மாணவனுக்கு மாசக் காசு குடுக்கிறதே அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைன்னா, அவன் எப்படி எழுதுவான்? யாரும் நேர்ல மிரட்ட வேணாம், அடுத்த வருஷம் காசு வருமாங்கிற பயமே போதும். அதனால கம்பெனிக் காசு வாங்கறதா இருந்தா நேரா மாணவனுக்கோ அமைப்புக்கோ வரக்கூடாது, மாநில நிதி மாதிரி ஒரு பொதுப் பானையில போடணும், எந்தக் கேஸ் எடுக்கணும் எது வேணாம்னு சொல்ற உரிமை காசு குடுத்தவருக்கு இல்லன்னு எழுத்துல இருக்கணும். இதை முதல் நாளே எழுதி வச்சுடணும், பிரச்சினை வந்ததுக்கு அப்புறம் எழுத முடியாது.

எவ்வளவு ஆகும்னு நானே ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். பத்து பிள்ளைங்க, ஆளுக்கு மாசம் 8,000, பத்து மாசம், மொத்தம் 8 லட்சம். மொபைல் கடையில பில் போட்டா கிடைக்கிறதுக்குப் பக்கத்துல வந்தாதான் அந்த வேலையை விட்டுட்டு வர முடியும், 2,000 3,000 குடுத்தா பேருக்குத்தான். அப்புறம் ஒரு சீனியர் வக்கீல், மாசம் 40,000, வருஷத்துக்கு 4 லட்சத்து 80 ஆயிரம். ரூம் வாடகை, ஜெராக்ஸ், ஸ்டாம்ப், பிள்ளைங்களோட போக்குவரத்து எல்லாம் சேத்து ஒரு 2 லட்சம், பொண்ணுங்களுக்கு சாதா பஸ்ல டிக்கெட் இல்ல, அதனால கொஞ்சம் குறையும். ஆக 15 லட்சத்துக்குள்ள வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு வருஷம் ஓடும்.

சீனியருக்கு எதுக்கு அவ்வளவுன்னு ஒரு நண்பர் கேட்டாரு, அந்தக் காசுல இன்னும் அஞ்சு பிள்ளைங்களை சேக்கலாமேன்னு. சேக்கக் கூடாது. மேற்பார்வை இல்லாத மாணவன் ஒரு தப்பு மனு எழுதிட்டா, ஒரு கெடு தேதியை விட்டுட்டா, அந்தக் குடும்பம்தான் அதுக்கு விலை குடுக்கும். இன்னொண்ணும் இருக்கு. கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொல்ற ரகசியத்தை சட்டம் காப்பாத்துது, அவரோட கிளார்க்கும் ஊழியரும் அந்தக் குடைக்குள்ள வர்றாங்க, ஆனா தனியா திரியிற மாணவனுக்கு அந்தக் குடை கிடையாது. ஒரு பொண்ணு வீட்டுல அடி வாங்குறதைப் பத்தி சொல்றா, ஒரு பையன் தன் மேல இருக்கிற கேஸைப் பத்தி சொல்றான், அதைக் கேக்குற மாணவன் ஒரு வக்கீலோட ஆபீஸ்ல முறையா வேலைக்கு இருக்கிற ஆளா இருக்கணும். அதுக்குத்தான் சீனியர், அவருக்கும் முறையான சம்பளம். இலவசமா பண்ற சீனியரு நல்லவராவே இருந்தாலும், பெரிய கேஸ் வந்தா அங்கதான் போவாரு, நானும் அப்படித்தானே அந்த மஞ்சப்பையை ஏழு மாசம் விட்டேன்.

நேரமும் முக்கியம். கோர்ட் நேரத்துல திறந்து வச்சா மூட்டை தூக்குறவரும் வீட்டு வேலைக்குப் போற அக்காவும் வர முடியாது. சாயங்காலம் 6 மணியிலருந்து 9 மணி வரைக்கும் இருக்கணும், மார்க்கெட் பக்கத்துல, மாடி ஏற வேண்டாத ரூமா இருந்தா வயசானவங்களுக்கு நல்லது. ஜூலையில ஆரம்பிச்சா நவம்பர் பரிட்சைக்கு முன்னாடி பிள்ளைங்க ஏரியாவைப் புடிச்சுடுவாங்க, பரிட்சை மாசத்துல பாதிப் பேர் லீவுன்னு முன்னாடியே முறை போட்டு வச்சுடலாம். ஒரு பெரிய நோட்டு, அதுல யார் வந்தாங்க, என்ன காகிதம் பாக்கி, அடுத்து என்னைக்கு வரச் சொல்லியிருக்கோம், இதை எழுதணும், ஏப்ரல்ல போற பிள்ளை ஜூலையில வர்ற பிள்ளைகிட்ட அந்த நோட்டைக் குடுத்து ஒவ்வொரு பேரா உக்காந்து சொல்லிட்டுத்தான் கடைசி மாசக் காசு வாங்கணும்னு ஒரு விதி வச்சுக்கலாம்.

காசிமேட்டு அக்காவோட ஃபைல் கடைசியா வாரிசு சான்றிதழோட போய்ச் சேந்துச்சு. மனு குடுத்த அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணி சொன்னேன். கடையில இருந்துச்சு போல, பின்னாடி சத்தம். சார், பாஸ்புக்ல அக்கா பேர் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாத்தீங்களா, அன்னைக்கே ஒரு எழுத்து வித்தியாசம் இருந்துச்சு, நான் குறிப்புல எழுதி வச்சிருந்தேனேன்னு கேட்டுச்சு. நான் பாக்கல. மறுநாள் காலையில முதல் வேலையா அதை சரி பண்ணப் போனேன்.